ஒரு மணி நேரம் வேண்டாம், ஒரு தெரு போதும்

வாசகர் கேள்விகளுக்கு ஒரு பிசியோதெரபிஸ்டின் பதில்கள்

கேள்வி: எனக்கு 44 வயது. நாள் முழுக்க உட்கார்ந்தே செய்யும் வேலை. எதையும் 21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்றார்கள். அதை நம்பி, ஒரு நாள்கூட விடாமல் 21 நாளும் தினம் ஒரு மணி நேரம் நடந்தேன். 22ஆம் நாள் வேலை முடிந்து வர ராத்திரியாகிவிட்டது, நடக்கவில்லை. அதோடு சரி. எனக்கு மன உறுதியே கிடையாதா மேடம்?

பதில்: மன உறுதி இல்லாதவர் மூன்று வாரம் தினமும் ஒரு மணி நேரம் நடப்பாரா? உங்களிடம் கோளாறு இல்லை, உங்களுக்குச் சொல்லப்பட்ட கணக்கில்தான் கோளாறு.

அந்த 21 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் சிரிப்பு வரும். மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960இல் ஒரு புத்தகம் எழுதினார். ஆபரேஷனுக்குப் பிறகு தங்கள் புது முகம் நோயாளிகளுக்குப் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று தான் கவனித்ததை அதில் சொன்னார். வாய்மாறி வாய்மாறி வந்ததில் ‘குறைந்தது’ காணாமல் போய்விட்டது, முகமும் காணாமல் போய்விட்டது. 21 மட்டும் மிச்சம்.

நிஜமாகவே அளந்து பார்த்தவர்களும் உண்டு. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி என்பவரின் குழு, 2009இல் வெளியான ஆய்வுக்காக 96 பேரை 12 வாரம் கவனித்தது. ஆளுக்கு ஒரு சின்னக் காரியம், தினமும் ஒரே சந்தர்ப்பத்தில் செய்ய வேண்டும். யோசிக்காமலே தானாகச் செய்கிற நிலையை எட்ட எத்தனை நாளாகும் என்று கணக்கிட்டதில், ஒருவருக்கு 18 நாள், இன்னொருவருக்கு 254 நாள் என்று வந்தது (12 வாரத்தைத் தாண்டிய எண்கள், அதுவரை பார்த்த போக்கை வைத்துப் போட்ட கணிப்பு). நடுவாக எடுத்துக்கொண்டால் 66. தண்ணீர் குடிப்பது போன்றவை சீக்கிரம் படிந்தன, உடற்பயிற்சிக்கு அதிக நாள் பிடித்தது. நீங்கள் பாதி வழிகூட வராத நேரத்தில் வெற்றிக்கோட்டைத் தேடியிருக்கிறீர்கள்.

ஆனால் நாள் கணக்கைவிட எனக்கு உறுத்துவது அந்த ஒரு மணி நேரம். அது நன்றாகத் தூங்கி எழுந்த, வேலை குறைந்த, மழை பெய்யாத ஒரு நாளுக்கான அளவு. பழக்கத்துக்கு அளவெடுக்க வேண்டியது உங்கள் மோசமான நாளை வைத்து. என்னிடம் வருபவர்களிடம் நான் கேட்பது இதுதான்: “போன மாதத்திலேயே உங்களைப் படுத்தி எடுத்த நாள் எது? அன்றைக்கு ராத்திரி எவ்வளவு நடந்திருக்க முடியும்?” ஒரு அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “ஷூ மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய் வருவேன், அவ்வளவுதான்” என்றார். சரி, அதையே எழுதிக்கொண்டோம். அப்புறம் ஷூ எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அட்டைப்பெட்டியில், அலமாரியின் மேல் தட்டில். எடுக்க ஸ்டூல் போட வேண்டும்! முழங்கால் வலிக்காரர் தினமும் ஸ்டூல் ஏறி, அதன் பிறகு நடக்க வேண்டுமாம். முதல் வாரம் நான் கொடுத்த ஒரே சிகிச்சை, ஷூவை வாசல் கதவுக்குப் பக்கத்தில், லேஸைத் தளர்த்தி வைப்பது.

நீங்களும் அப்படி ஒரு தெருவை வைத்துக்கொள்ளுங்கள். ‘காலை ஆறு மணிக்கு’ என்று கடிகாரத்தோடு கட்டாதீர்கள், ஆறு மணி நம்மைக் கேட்காமலே போய்விடும். ஏற்கெனவே தவறாமல் நடக்கிற ஒன்றின் வாலில் கட்டுங்கள்: பல் தேய்த்து முடித்ததும், அல்லது வேலையிலிருந்து வந்து பையைக் கீழே வைத்ததும். ‘இது நடந்ததும் இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்பவர்கள், ‘இனிமேல் நடக்கப்போகிறேன்’ என்று மொத்தமாகத் தீர்மானிப்பவர்களைவிட அதிகம் நிறைவேற்றுகிறார்கள். இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர்.

உற்சாகமான நாளில் ஒரு மணி நேரம் தாராளமாக நடங்கள், யார் தடுத்தது? காலண்டரில் டிக் போடுவது மட்டும் அந்த ஒரு தெருவுக்குத்தான். நல்ல நாளின் ஜோரில் “நாளையிலிருந்து இதுதான் அளவு” என்று சபதம் எடுக்கிறோமே, நான் பார்த்தவரை பாதிப் பழக்கங்கள் அங்கேதான் சாகின்றன.

கேள்வி: முதுகுவலிக்காக என் கணவருக்கு எட்டுப் பயிற்சிகள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தினமும் நான் ஞாபகப்படுத்தினால் செய்கிறார், சில நாள் எரிந்து விழுகிறார். வேறு எப்படிச் சொல்வது?

பதில்: சொல்வதையே நிறுத்திவிடுங்கள். நீங்கள் ஞாபகப்படுத்தி அவர் செய்தால், அந்தப் பழக்கத்தின் ஆரம்பப் புள்ளி உங்கள் குரல்தான். நீங்கள் நான்கு நாள் வெளியூர் போனால் பயிற்சியும் போய்விடும். எரிந்து விழுவது கூடுதல் வரவு.

எட்டு என்பது எங்கள் தொழிலில் உள்ள ஒரு வியாதி. தாள் நிறைந்திருந்தால் சிகிச்சையும் நிறைவாக இருப்பதாக எங்களுக்கு ஒரு நினைப்பு. எழுதிக் கொடுத்தவரிடமே போய், “இதில் இரண்டே இரண்டுதான் செய்வார் என்றால் எதைச் செய்யட்டும்?” என்று கேட்கச் சொல்லுங்கள். அந்த இரண்டில் மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குகிற பயிற்சி இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். மெத்தை ரொம்பவும் மிருதுவாக இல்லையென்றால், கண் விழித்ததும் எழுந்திருப்பதற்கு முன்பே கட்டிலிலேயே ஐந்து முறை தூக்கி இறக்கிவிடலாம். பாய் தேட வேண்டாம், உடை மாற்ற வேண்டாம். எந்த இரண்டு, எப்போது என்பதை அவரே முடிவு செய்யட்டும். மீதி ஆறும் தாளிலேயே இருக்கட்டும்.

கேள்வி: காய்ச்சலில் ஐந்து நாள் பயிற்சி விட்டுப்போயிற்று. திரும்ப முதல் நாளிலிருந்து கணக்கா?

பதில்: இல்லை. மேலே சொன்ன லண்டன் ஆய்விலேயே, நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் படிவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. ஐந்து நாள் என்பது கொஞ்சம் நீளம்தான், ஆனால் பழையது அழிந்துவிடாது. உடம்பு தேறட்டும். பிறகு இருப்பதிலேயே சின்ன அளவில் ஆரம்பியுங்கள். விட்டதைச் சேர்த்துப் பிடிக்கிறேன் என்று இரட்டிப்பாகச் செய்தால் ஆறாவது நாள் என்னைப் பார்க்க வருவீர்கள்.

கேள்வி: ஐந்து நிமிட நடையால் உடம்புக்கு ஏதாவது பலன் உண்டா, அல்லது மனத் திருப்திக்குத்தானா?

பதில்: உண்டு. ஒரேயடியாகக் குறைந்தது பத்து நிமிடம் செய்தால்தான் கணக்கு என்று உலக சுகாதார நிறுவனமே முன்பு சொல்லிவந்தது. 2020 வழிகாட்டுதலில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பு என்பது இலக்கு. அதைத் தொட முடியாவிட்டாலும், ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிடக் கொஞ்சம் செய்வது மேல் என்கிறார்கள். உங்கள் ஐந்து நிமிடமும் அந்த 150இல் சேரும்.

கேள்வி: படுக்கும்போது ஒரு மணி ஆகிவிடுகிறது. பதினொரு மணிக்குப் படுத்துப் பார்த்தேன், விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்ததுதான் மிச்சம்.

பதில்: உடம்பின் கடிகாரம் ஒரே ராத்திரியில் இரண்டு மணி நேரம் நகராது. இந்த வாரம் 12.45, அது பழகியதும் 12.30 என்று கால் மணி நேரமாக இறக்குங்கள். எழுந்திருக்கும் நேரத்தை மட்டும் விடுமுறை நாளிலும் மாற்றாதீர்கள், எழுந்ததும் வெளிச்சத்தில் நில்லுங்கள். போன் சார்ஜரைக் கட்டிலிலிருந்து கை நீட்டினால் எட்டாத இடத்துக்கு மாற்றிவிடுங்கள். எழுந்து போய் எடுக்க வேண்டும் என்றால் பல ராத்திரிகளில் சோம்பலே நம் பக்கம் நிற்கும்.

கேள்வி: சின்ன அளவிலேயே எத்தனை காலம் ஓட்டுவது? எப்போது கூட்டலாம்?

பதில்: செய்யாத அன்று ஏதோ விட்டுப்போனதாக உங்களுக்கே தோன்ற ஆரம்பித்த பிறகு. அதற்கு முன்னால் வேண்டாம், எவ்வளவு ஆசையாக இருந்தாலும். கூட்டும்போதும் ஒன்றை மட்டும் கூட்டுங்கள்: தூரம், அல்லது வேகம். இரண்டையும் சேர்த்துக் கூட்டிவிட்டு வலி வந்தால் எதனால் வந்தது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கூட்டிய பிறகு டிக் இல்லாத கட்டங்கள் காலண்டரில் அதிகமானால் பேசாமல் பழைய அளவுக்கே இறங்கிவிடுங்கள். யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.