சூரியனுக்கு என்ன வேலை?

கேள்வி: ஆசிரியர் ஐயா, 2147483647 என்ற எண்ணைச் சென்ற இதழில் ஏகத்துக்கும் புகழ்ந்திருந்தீர்கள். இலக்கங்களைக் கூட்டினால் 46, மறுபடி கூட்டினால் 10, கடைசியில் 1. சூரியனின் எண்! ராசி பார்த்துத்தான் கணித மேதைகள் கொண்டாடுகிறார்களா? இல்லையென்றால் இதனால் யாருக்கு என்ன பயன்?

பதில்: கூட்டல் சரி. ஆனால் அப்படிக் கூட்டிக்கொண்டே போனால் கிடைப்பது சூரியனும் இல்லை, சந்திரனும் இல்லை. அந்த எண்ணை 9-ஆல் வகுத்தால் என்ன மீதி வரும் என்பதுதான் (மீதியே இல்லையென்றால் 9 வரும்). ஒன்பது எண்களுக்கு ஒன்று இப்படி 1-ல் வந்து விழும். உங்கள் மளிகை பில்லிலும் அவ்வப்போது சூரியன் இருப்பார், போய்ப் பாருங்கள்.

கொண்டாட்டத்துக்குக் காரணம் வேறு. 31 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் இந்த எண். அது பகா எண். வாயால் சொல்லிவிடலாம், நிரூபிக்க வேண்டுமே! இதன் வர்க்கமூலம் 46340 சொச்சம், அதுவரை உள்ள பகா எண்களே நாலாயிரத்துக்கும் மேல், ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்ப்பதென்றால் மனுஷனுக்கு வேறு வேலை வேண்டாமா? ஆய்லர் என்ற சுவிஸ் கணித மேதை வேறு வழியில் போனார். இதை ஒரு பகா எண் வகுக்குமானால், அந்தப் பகா எண்ணை 248-ஆல் வகுக்கும்போது 1 அல்லது 63 மட்டுமே மீதி வரும். 1-ஐயும் 63-ஐயும் விட்டுவிட்டால் அப்படிப்பட்ட எண்கள் 46340 வரை 372தான். முதலில் 249, அது 3 × 83, தள்ளு. அடுத்தது 311, வகுத்தால் 35 மீதி. அப்புறம் 497, அது 7 × 71, அதையும் தள்ளு. இப்படியே கடைசிவரை போய், எதுவும் வகுக்கவில்லை என்று பெர்னூலி என்ற இன்னொரு கணித அறிஞருக்கு எழுதினார். அது 1772-ஆம் ஆண்டுக் கடிதம். அப்போது அவருக்குக் கண்பார்வை ஏறக்குறைய முழுதும் போயிருந்தது.

பயன் என்ன என்று கேட்டீர்கள். உங்களுக்கு ஒரு கூட்டாளி உண்டு. பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயர் 1811-ல், இந்தப் பகா எண்ணிலிருந்து கிடைக்கும் நிறைவு எண்ணைவிடப் (தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டுத்தொகை அதே எண்ணாகவே இருக்கும் எண்) பெரியதை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை, வெறும் வேடிக்கை, உபயோகமில்லாத வேலைக்கு எவன் மெனக்கெடுவான் என்று எழுதிவைத்தார். 1876-ல் லூகாஸ் என்ற பிரெஞ்சுக் கணிதக்காரர் 39 இலக்கப் பகா எண்ணோடு வந்து நின்றார், அதிலிருந்து இன்னும் பெரிய நிறைவு எண்ணும் கிடைத்துவிட்டது.

அப்புறம் கணினி வந்தது. கணினி ஓர் எண்ணை 32 பிட்டில் (பிட் என்றால் 0 அல்லது 1 மட்டும் பிடிக்கும் இடம்) எழுதும்போது, ஒன்றைக் கூட்டலா கழித்தலா என்ற குறிக்காக ஒதுக்கினால் மிச்சம் 31. அதில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் சாட்சாத் இதேதான். 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை இந்த அளவில் எண்ணும் பழைய மென்பொருள்களுக்கு, நம் நேரப்படி 2038 ஜனவரி 19 காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடியோடு எண்கள் தீர்ந்துவிடும். திருத்தாமல் விட்டால் அடுத்த நொடியே அவை 1901 டிசம்பருக்குத் தாவிவிடும். 2038-ன் அந்த நாள் செவ்வாய்க்கிழமை. அந்தக் காலை 8.44-க்கு ராகு காலமும் இல்லை, எமகண்டமும் இல்லை, உங்களுக்காகப் பார்த்துவிட்டேன்.