பல கைகள் தைத்த ஒரு போர்வை: கூட்டுக் குயில்ட் கேள்வி பதில்

இருபது முப்பது பேர் ஆளுக்கொரு சதுரம் தைத்துத் தர, எல்லாவற்றையும் இணைத்து ஒரே போர்வையாக்குவதுதான் கூட்டுக் குயில்ட். இப்படி ஒன்பது போர்வைகளை இணைத்திருக்கிறேன். அது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். சதுரத்தை 'பிளாக்' என்றே எழுதுகிறேன், எங்களுக்குள் அப்படித்தான் பேசிக்கொள்கிறோம்.

கோவையிலிருந்து ஒரு ஆசிரியை: எங்களோடு வேலை செய்யும் தோழிக்குக் குழந்தை பிறக்கப்போகிறது. 20 பேர் சேர்ந்து செய்ய ஆசைப்படுகிறோம். எதிலிருந்து ஆரம்பிப்பது அக்கா?

அளவிலிருந்து. நிறம், டிசைன் எல்லாம் அப்புறம். ஒருவர் கத்தரியைக் கையில் எடுப்பதற்கு முன்னால் எல்லோருக்கும் அளவு தெரிந்திருக்க வேண்டும்.

குழந்தைக்கு என்றால் 9 இன்ச் பிளாக் போதும். அகலத்தில் நான்கு, நீளத்தில் ஐந்து என்று வைத்தால் 36க்கு 45 இன்ச் வரும். தொட்டிலுக்கும் ஆகும், தரையில் விரித்துக் குழந்தையைக் கிடத்தவும் ஆகும். பெரியவர்களுக்கு 12 இன்ச் வைத்துக்கொள்ளுங்கள். 12ஐ இரண்டாலும் மூன்றாலும் நான்காலும் வகுக்கலாம் என்பதால் யார் எந்த டிசைன் போட்டாலும் துண்டுகளின் கணக்கு சுலபமாக வரும். அதே 20 பிளாக்குகளுக்கு இடையிலும் சுற்றிலும் 2 இன்ச் பட்டி வைத்தால் 58க்கு 72 வரும், ஒற்றைக் கட்டிலுக்குச் சரியாக இருக்கும்.

'12 இன்ச் பிளாக்' என்று மட்டும் சொல்லி அனுப்பினால் பாதிப் பேர் 12 இன்ச்சுக்கு வெட்டி அனுப்புவார்கள். நான்கு பக்கமும் தையலுக்குக் கால் இன்ச் போனதும் அது பதினொன்றரை ஆகிவிடும். அதனால் செய்தியை இப்படியே அனுப்புங்கள்: "தைத்து முடித்து என் கைக்கு வரும்போது பிளாக் 12½ இன்ச் இருக்க வேண்டும்." உங்கள் 9 இன்ச்சுக்கு அது 9½.

திருச்சியிலிருந்து: அளவை எழுதித்தான் அனுப்பினேன். வந்ததில் ஒன்று 11¾, ஒன்று 12¾, மற்றவை நடுவில். எல்லோரும் நன்றாகத் தைக்கிறவர்கள்தான். ஏன் இப்படி ஆகிறது? இப்போது என்ன செய்வது?

கால் இன்ச் என்று நாம் நினைத்துப் பிடிக்கிற தையல் கால் இன்ச்சாக இருப்பதில்லை. ஒரு வரிசையில் நான்கு துண்டுகள் என்றால் மூன்று தையல். ஒவ்வொரு தையலிலும் இரண்டு பக்கத் துணி உள்ளே போகிறது. ஒரு பக்கத்துக்கு 1/16 இன்ச் கூடுதலாகப் பிடித்தாலும், மூன்று தையல் முடிவதற்குள் 3/8 இன்ச் காணாமல் போய்விடும். தைத்தவர் மேல் குற்றம் இல்லை. இங்கே பலரும் பழைய மிதி மெஷினில் தைக்கிறார்கள், அதன் தகட்டில் கால் இன்ச் கோடு இருக்காது. ஊசியிலிருந்து கால் இன்ச் அளந்து தகட்டின்மேல் ஒரு டேப் துண்டை ஒட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். தையல்காரர் டேப்பால் பிளாக்கை அளக்க வேண்டாம், நாள்பட்ட டேப் நீண்டுபோயிருக்கும். ஸ்கேல் வைத்து அளக்கட்டும். இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் இழுக்காமல் தூக்கித் தூக்கி வைக்கச் சொல்லுங்கள். இழுத்தால் பிளாக் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும்.

இனி உங்கள் கையில் இருப்பவற்றுக்கு வருவோம். பெரிய பிளாக்குகளைச் சின்னதற்குச் சமமாக வெட்டிவிடலாம் என்று தோன்றும், செய்யாதீர்கள். நட்சத்திரம் தைத்திருப்பவரின் நட்சத்திர முனைகள் போய்விடும். ஒவ்வொரு பிளாக்கையும் சுற்றி 2 இன்ச் அகலப் பட்டியைத் தையுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே துணியில் பட்டி இருக்கட்டும். அப்புறம் பிளாக்கை நடுவில் வைத்து எல்லாவற்றையும் 14½ இன்ச்சுக்கு வெட்டுங்கள். சின்ன பிளாக்கைச் சுற்றி ஒன்றே கால் இன்ச்சுக்குச் சற்று அதிகமாகவும், பெரியதைச் சுற்றி முக்கால் இன்ச்சுக்குச் சற்று அதிகமாகவும் சட்டம் தெரியும். பட்டிக்கும் பிறகு வைக்கும் இடைப்பட்டிக்கும் ஒரே நிறம் கொடுத்தால் அந்த வித்தியாசம் யார் கண்ணிலும் படாது.

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்: ஒரு பிளாக் மிகவும் மோசமாகத் தைக்கப்பட்டிருக்கிறது. பிரித்து நானே தைத்துவிடலாமா? அவருக்குத் தெரியவா போகிறது?

தெரியும். நான் ஒருமுறை அதைச் செய்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

ஓய்வுபெறும் ஒரு தலைமையாசிரியைக்காக ஒரு குயில்ட் இணைத்தேன். அந்தப் பள்ளியில் வேலை பார்த்த ஆயாவும் ஒரு பிளாக் கொடுத்திருந்தார். பத்தரை இன்ச்தான் இருந்தது. வெள்ளை நூலில், கையாலேயே ஓட்டுத்தையல். ஒரு தையல் நீளம், ஒரு தையல் குட்டை. நான் மொத்தத்தையும் பிரித்து, துண்டுகளை நேராக வெட்டி, மெஷினில் தைத்து, அளவுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அழகாகத்தான் வந்தது. விழா நாளில் அவர் போர்வையின் பக்கத்தில் வந்து நின்று, தன் துணியைக் கண்டுபிடித்து, விரலால் தையலைத் தடவிப் பார்த்தார். "இது நான் போட்டது இல்லையேம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதன் பிறகு நான் யாருடைய பிளாக்கையும் பிரித்ததில்லை. தையல் விட்டுப்போகும் என்று பயமாக இருந்தால், பின்பக்கம் மெல்லிய ஃப்யூசிங் துணியை வைத்து இஸ்திரி போட்டு ஒட்டுங்கள். முன்பக்கத் தையல் அப்படியே இருக்கும், துணியும் தாங்கும். சின்னதாக இருந்தால் சட்டத்தை அகலமாக வையுங்கள். சுருக்கம் விழுந்தால் ஈரத்துணி போட்டு அழுத்துங்கள், பாதி சரியாகிவிடும். மீதிப் பாதியை, மேல்துணி, நடு அடுக்கு, அடித்துணி மூன்றையும் சேர்த்துப் போடுகிற குயில்டிங் தையல் அமுக்கிவிடும்.

மதுரையிலிருந்து: எங்கள் ஊர் என்பதால் எல்லோரும் சுங்குடித் துணியில் தைக்கலாம் என்று யோசனை. சாயம் போகுமே?

நல்ல யோசனை. ஆனால் கூட்டுக் குயில்டில் ஒரே ஒரு சிவப்புத் துண்டு சாயம் விட்டாலும் மற்ற இருபது பேரின் உழைப்பும் கெடும். வெட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு துணியையும் தனித்தனியாக அலசிவிடுங்கள். தண்ணீர் தெளிவாக வரும்வரை அலச வேண்டும். அப்புறம் ஈரத்துணிமேல் ஒரு வெள்ளைத் துணியைப் போட்டுச் சூடாக இஸ்திரி போடுங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தத் துணியை இதில் சேர்க்காதீர்கள்.

கல் உப்பில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். சாயம் ஏற்றும் நேரத்தில் உப்புக்கு வேலை உண்டு. ஏற்கெனவே கடையிலிருந்து வந்த துணியில் ஒட்டாமல் நிற்கிற சாயத்தை உப்பு பிடித்து வைக்காது. அலசி அலசி வெளியேற்றுவதுதான் வழி.

எல்லோருக்கும் பொதுவான பின்னணித் துணி ஒன்றை நீங்களே வாங்கி, துவைத்து, வெட்டிக் கொடுங்கள். போர்வைக்கு ஒரு ஒற்றுமை வரும். 44 இன்ச் அகல பாப்ளினில் 13 இன்ச் சதுரங்கள் ஒரு வரிசைக்கு மூன்று கிடைக்கும். 25 பேருக்கு ஒன்பது வரிசை. துவைத்தால் சுருங்கும் என்பதால் மூன்றரை மீட்டராக வாங்கிக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து: பள்ளிப் பிள்ளைகளோடு ஒன்று செய்யப்போகிறோம். அவர்கள் மனதில் பதிகிற மாதிரி ஏதாவது சொல்லி ஆரம்பிக்க வேண்டும்.

உங்கள் ஊரிலேயே இருக்கிறது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனதும், அங்கிருந்த பிரிட்டிஷ், ஆஸ்திரேலியக் குடும்பங்களையும் இன்னும் பலரையும் சாங்கி சிறையில் அடைத்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்களும் குழந்தைகளும் ஒரு பக்கம். கணவன் உயிரோடு இருக்கிறானா என்று மனைவிக்குத் தெரியாது, மனைவியைப் பற்றி அவனுக்கும் தெரியாது. கனடாவைச் சேர்ந்த எத்தெல் மல்வனி என்ற பெண் ஒரு யோசனை சொன்னார். ஆளுக்கொரு சதுரத் துணி, அதில் உங்களைப் பற்றி ஏதாவது தைத்து, பெயரும் போடுங்கள் என்றார். காயப்பட்ட வீரர்களுக்கான போர்வை என்று சொல்லி அனுமதி வாங்கினார்கள். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, ஜப்பானியப் போர்வைகள் என்று மூன்று, ஒவ்வொன்றிலும் 66 சதுரங்கள். காயப்பட்ட ஜப்பானிய வீரர்களுக்கென்றும் ஒன்று தைத்ததால் மற்ற இரண்டுக்கும் வழி கிடைத்தது. மருத்துவமனைக்குப் போன போர்வையில் மனைவியின் பெயர் இருந்தால், அவள் உயிரோடு இருக்கிறாள் என்று அர்த்தம். மூன்றும் இன்றைக்கும் பத்திரமாக இருக்கின்றன. இரண்டு கான்பெராவில் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்திலும், ஒன்று பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடமும் உள்ளன.

பிள்ளைகளிடம் 13 இன்ச்சுக்கு வெட்டிய துணியைக் கொடுங்கள். ஓரத்திலிருந்து ஒரு இன்ச் உள்ளே பென்சில் கோடு போட்டு, அதற்குள் மட்டும் வரையவோ தைக்கவோ சொல்லுங்கள். பிறகு 12½க்கு வெட்டிக்கொள்ளலாம்.

ஈரோட்டிலிருந்து: பெயர் எழுத எந்தப் பேனா?

பிக்மென்ட் மை, அதாவது தண்ணீரில் கரையாத நிறத்துகள் கலந்த மை உள்ள பேனா. பிக்மா மைக்ரான் 05 நான் பயன்படுத்துவது. பால் பாயிண்ட், ஜெல் பேனா இரண்டும் துவைத்தால் பரவும். துணிக்கு அடியில் உப்புத்தாள் வைத்து எழுதுங்கள், துணி நகராது. மெதுவாக எழுதி, காய்ந்ததும் இஸ்திரி போடுங்கள். தமிழில் எழுதும்போது புள்ளியையும் கொம்பையும் கொஞ்சம் பெரிதாகப் போட வேண்டும், இல்லையென்றால் நூல் இழைக்குள் மறைந்துவிடும்.

1840களில் அமெரிக்காவில், குறிப்பாக பால்டிமோரில், பெயர் போட்ட 'ஆல்பம்' குயில்ட்கள் ஏராளமாகத் தைத்தார்கள். அந்தக் காலத்து மைகளில் சிலவற்றில் இரும்பு இருந்தது. எழுத்து இருந்த இடத்தில் துணி அரித்து ஓட்டை விழுந்த பழைய போர்வைகள் உண்டு. காலத்துக்கும் நிற்க வேண்டும் என்றால் பெயரை நூலால் தைப்பதுதான் சிறந்தது.

நாகர்கோவிலிலிருந்து: 23 பேர். எப்படி அடுக்கினாலும் செவ்வகம் வரவில்லை.

25 ஆக்குங்கள். ஒன்றில் எதற்காக, எந்த வருடம் என்று எழுதுங்கள். இன்னொன்றை எல்லோருடைய துணியிலும் மிஞ்சிய துண்டுகளைச் சேர்த்துத் தையுங்கள். எனக்கு எப்போதும் அந்தத் துண்டு பிளாக்தான் பிடிக்கும்.

சென்னையிலிருந்து: நடுவில் பேட்டிங் என்கிற பஞ்சு அடுக்கு வைத்தால் இந்த ஊர் வெயிலுக்கு யார் போர்த்துவார்கள்? இலவம் பஞ்சு வைக்கலாமா?

இலவம் பஞ்சு வேண்டாம். மெத்தைக்கும் தலையணைக்கும் அது சரி. குயில்டில் இரண்டு தடவை துவைத்ததும் ஒரு மூலையில் திரண்டு நிற்கும். சென்னைக்கு நடுவில் ஒரு பருத்தி ஃப்ளானல் துணி போதும், அல்லது நன்கு துவைத்து மெத்தென்று ஆன பழைய நூல் சேலை. நம் வீடுகளில் பழைய சேலையை மடித்து ஓரம் தைத்துக் குழந்தைக்குப் போடுகிற வழக்கம் இருக்கிறதே, அதே துணிதான்.

மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்க நேரமில்லை என்றால் முடிச்சுப் போடலாம். நான்கு இன்ச்சுக்கு ஒரு முடிச்சு, எம்பிராய்டரி நூலை ஆறு இழையும் பிரிக்காமல். எல்லோரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுற்றி உட்கார்ந்தால் மதியத்துக்குள் முடியும். பிளாக் தைக்கத் தெரியாதவர்களுக்கும் அன்றைக்கு ஒரு வேலை கிடைக்கும்.

டொரொன்டோவிலிருந்து: அம்மா போய் ஒரு வருடமாகிறது. நாங்கள் ஐந்து பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பதினொரு பேர், நான்கு நாடுகளில் இருக்கிறோம். அம்மாவின் சேலைகளில் ஆளுக்கொரு பிளாக் செய்ய ஆசை. பட்டு, நைலெக்ஸ், பருத்தி எல்லாம் கலந்து இருக்கிறது.

செய்யுங்கள் தங்கை, முடியும். 16 பேர் என்றால் நான்குக்கு நான்கு, கணக்கும் அழகாக வருகிறது.

சேலைகளை அப்படியே நான்கு நாடுகளுக்கு அனுப்பாதீர்கள். ஒருவர் வீட்டில் வைத்து எல்லாச் சேலைக்கும் பின்னால் மெல்லிய ஃப்யூசிங் ஒட்டி, அப்புறம் வெட்டி அனுப்புங்கள். பட்டும் நைலெக்ஸும் வழுக்கும், பருத்தியோடு சேர்த்துத் தைத்தால் ஒன்று இழுக்கும், ஒன்று சுருங்கும். ஃப்யூசிங் ஒட்டியதும் எல்லாம் ஒரே மாதிரி நடந்துகொள்ளும். இஸ்திரிச் சூடு குறைவாக இருக்கட்டும், மேலே ஒரு பருத்தித் துணி போட்டுக்கொள்ளுங்கள். நைலெக்ஸ் உருகும். பழைய பட்டு மடித்த இடத்தில்தான் முதலில் கிழியும், அந்த இடங்களைத் தவிர்த்து வெட்டுங்கள்.

நினைவுக் குயில்ட்களில் மிகப் பெரியது எய்ட்ஸில் இறந்தவர்களுக்காக அமெரிக்காவில் தைத்தது. 1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டனில் முதல்முறை விரித்தபோது அதில் 1,920 துண்டுகள் இருந்தன. ஒவ்வொன்றும் 3 அடிக்கு 6 அடி, ஏறக்குறைய ஒரு கல்லறை அளவு. எட்டுத் துண்டுகள் சேர்ந்தால் 12 அடிச் சதுரம். ஒருவரையொருவர் பார்த்திராத ஆயிரக்கணக்கானவர்கள் தைத்ததை இணைக்க முடிந்ததற்கு அந்த ஒரே அளவுதான் காரணம். உள்ளே என்ன தைப்பது என்பது அவரவர் விருப்பம். சட்டை, பொம்மை, கடிதம் எல்லாம் வைத்துத் தைத்திருக்கிறார்கள். உங்கள் பதினாறு பேருக்கும் அளவை மட்டும் சொல்லுங்கள். அம்மாவை யாருக்கு எப்படி ஞாபகமோ அப்படி வரட்டும்.

ஒரு சேலையையாவது வெட்டாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

சேலத்திலிருந்து: கடைசித் தேதி முடிந்தும் நான்கு பிளாக் வரவில்லை. கேட்டுக் கேட்டுச் சங்கடமாக இருக்கிறது.

ஒரே ஒரு முறை போன் செய்து பேசுங்கள், செய்தியாக அனுப்பாதீர்கள். பெரும்பாலும் அவர்கள் சோம்பேறித்தனத்தால் தாமதிப்பதில்லை, தைத்தது நன்றாக இல்லை என்ற கூச்சத்தில் வைத்திருப்பார்கள். "எப்படி இருக்கிறதோ அப்படியே அனுப்புங்கள்" என்றால் மறுநாளே கூரியரில் போடுவார்கள். அடுத்த முறை உண்மையான தேதிக்கு மூன்று வாரம் முன்னால் ஒரு தேதி சொல்லிவையுங்கள்.

கடைசியாகப் புதுச்சேரியிலிருந்து: எல்லாம் முடிந்தது அக்கா, ஓரத்தைச் சுற்றி மூடும் பைண்டிங் வரை தைத்துவிட்டோம். விட்டுப்போனது ஏதாவது உண்டா?

பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். கீழ் மூலையில் ஒரு வெள்ளைத் துணி தைத்து, யாருக்காக, எந்த வருடம், எந்த வரிசையில் எந்த பிளாக் யாருடையது என்று எழுதிவிடுங்கள். இப்போது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும், பத்து வருடத்தில் இருக்காது. பெயர் போடாமல் கொடுத்தவர்களிடம் போன் செய்து கேட்டு எழுதுங்கள். இணைத்தவர் பெயரும் அதில் இருக்க வேண்டும், அதாவது உங்கள் பெயர்.