புற்றுநோயும் டி செல்களும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய். இம்யூனோதெரபி ஊசி போடப் போகிறார்கள். எதிர்ப்பு சக்தி கூட லேகியமும் சேர்த்துக் கொடுக்கலாமா? (பெரம்பூர்)

வேண்டாம். அப்பாவின் உடம்பில் டி செல்களுக்கு, அதாவது கெட்டுப்போன செல்லைத் தேடிக் கொல்லும் வெள்ளணுக்களுக்கு, பஞ்சமில்லை. பெரும்பாலும் கட்டிக்குள்ளேயே இருக்கும், ஆனால் வேலை செய்யாது. டி செல்லின் மேல் பி.டி-1 என்றொரு பிரேக் உண்டு. புற்று செல் தன் பி.டி.எல்-1 புரதத்தால் அதை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் ஆகியவை அந்தப் பிடியை விடுவிக்கும் ஆன்டிபாடிகள். புற்றைக் கொல்வது டி செல்தான். இப்படிப்பட்ட பிரேக்குகளை விடுவித்துப் புற்றுக்கு சிகிச்சை தரலாம் என்று கண்டறிந்ததற்கே ஜேம்ஸ் அலிசனும் டசுகு ஹோஞ்சோவும் 2018-இல் நோபல் பெற்றார்கள். லேகியம் அந்த இடத்துக்கே போவதில்லை. போதாக்குறைக்கு, நடுவில் கல்லீரல் என்சைம் ஏறினால் ஊசியாலா லேகியத்தாலா என்று தெரியாமல் சிகிச்சையே தள்ளிப்போகும்.

பயாப்ஸியில் பி.டி.எல்-1 எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். 50%-உம் அதற்கு மேலும் இருந்தால் கீமோ இல்லாமல் இந்த ஊசி மட்டுமே போதும் என்று டாக்டர் முடிவெடுக்கலாம். புற்று செல்லின் ஈ.ஜி.எஃப்.ஆர். அல்லது ஏ.எல்.கே. மரபணுவில் மாற்றம் இருந்தால் கதை வேறு. அங்கே முதலில் மாத்திரைதான். அந்த ரிப்போர்ட் வருமுன் அவசரப்பட வேண்டாம். அப்பாவுக்கு எப்போதோ டி.பி. வந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

இம்யூனோதெரபியின் மூன்றாவது ட்ரிப்புக்குப் பிறகு அம்மாவுக்கு வயிற்றுப்போக்கு. மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கி நிறுத்தலாமா? (தாம்பரம்)

இந்தக் கேள்வியில்தான் உயிர் இருக்கிறது. பிரேக் விட்ட டி செல் சில சமயம் சொந்தப் பெருங்குடலையே தாக்கும். கடையில் தரும் லோப்பரமைடு மாத்திரை போட்டால் போக்கு நிற்கும், புண் உள்ளே வளரும்.

எண்ணிக்கையைக் குறித்து வையுங்கள். வழக்கத்தைவிட நாளுக்கு 4 தடவை கூடினாலே அன்றே ஆன்காலஜிஸ்டுக்கு போன் செய்யுங்கள். 7 கூடினாலோ, ரத்தமோ கடும் வயிற்று வலியோ இருந்தாலோ நேரே அவசரப் பிரிவு. அங்கே "கீமோ இல்லை, இம்யூனோதெரபி" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லி, மருந்தின் பெயரும் கடைசி ஊசித் தேதியும் எழுதிய சீட்டைக் காட்டுங்கள். இல்லாவிட்டால் ஓட்டல் சாப்பாட்டின் மேல் பழி போட்டு ஓ.ஆர்.எஸ். கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

மலப் பரிசோதனையில் தொற்று இல்லை என்று தெரிந்ததும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை, எடையில் கிலோவுக்கு 1 முதல் 2 மி.கி. கணக்கில் தொடங்கும். சறுக்குவது பெரும்பாலும் இதற்குப் பிறகுதான்: இரண்டு நாளில் குணம் தெரிந்ததும் வீட்டிலேயே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள், போக்கு திரும்பி வருகிறது. 4 முதல் 6 வாரம் படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஸ்டீராய்டால் புற்று சிகிச்சை வீணாகும் என்று பயந்து தள்ளிப்போடாதீர்கள்.

புதிய இருமல், மூச்சிரைப்பு, நெஞ்சுவலி, அடங்காத தாகம், காரணமில்லாத அசதி ஆகியவற்றுக்கும் இதே அவசரம் பொருந்தும். ஊசி நின்று மாதங்கள் ஆன பிறகும் இவை வரலாம்.

வாய்ப்புற்று. இம்யூனோதெரபி ஊசியின் முழு டோஸுக்குப் பணம் இல்லை. குறைந்த டோஸ் என்கிறார்களே, ஏமாற்றா? (அம்பத்தூர்)

இல்லை. மும்பை டாடா மெமோரியலில், குணப்படுத்த முடியாத நிலையில் இருந்த தலை-கழுத்துப் புற்று நோயாளிகளிடம் சோதித்தார்கள். மெதோட்ரெக்சேட், செலகாக்சிப், எர்லோட்டினிப் மாத்திரைகளோடு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மி.கி. நிவோலுமாப். ஓராண்டு கடந்து உயிரோடு இருந்தவர்கள் மாத்திரை மட்டும் பெற்றவர்களில் 16.3%, ஊசியும் சேர்ந்தவர்களில் 43.4%. வழக்கமான டோஸ் இரண்டு வாரத்துக்கு 240 மி.கி. 40 மி.கி. குப்பி ஒன்று இருவருக்குப் போதும் என்பதால், அதே நாளில் இன்னொருவருக்கும் ஊசி இருக்கிறதா என்று டே கேரில் கேளுங்கள்.

சிறுநீர்ப்பைப் புற்றுக்கு ஏன் பிசிஜி தடுப்பு மருந்து? (மயிலாப்பூர்)

கிண்டி ஆய்வகத்தில் 1948 முதல் காசநோய்த் தடுப்பூசிக்காகத் தயாரித்த அதே வகைக் கிருமிதான். வலுவிழந்த, ஆனால் உயிருள்ள கிருமி. பையின் உட்சுவரில் அது ஒட்டியதும் நியூட்ரோஃபில், மேக்ரோபேஜ், டி செல், என்.கே. செல் என்று எதிர்ப்பு சக்தியின் வெள்ளணுக்கள் எல்லாம் அங்கே திரண்டு, மிச்சமிருக்கும் புற்றையும் சேர்த்துத் தாக்குகின்றன.

வாரம் ஒன்றாக 6 முறை. கதீட்டர் வழியே ஏற்றி, 2 மணி நேரம் அடக்கி வைக்க வேண்டும். அன்று காலை தண்ணீரும் காபியும் குறைவாகக் குடித்தால்தான் அடக்க முடியும். பிறகு 6 மணி நேரம் உட்கார்ந்தே சிறுநீர் கழித்து, ஒவ்வொரு முறையும் இரண்டு கப் பிளீச் ஊற்றி 15 நிமிடம் விட்டு ஃப்ளஷ் செய்யுங்கள். சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலோ, கதீட்டர் போடும்போது காயம்பட்டாலோ அன்றைய டோஸ் கூடாது. கிருமி ரத்தத்தில் கலந்துவிடும். 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல் இரண்டு நாள் நீடித்தால் பாராசிட்டமாலோடு காத்திருக்காதீர்கள். டி.பி. மருந்து தேவைப்படலாம், அதிலும் பைராசினமைடு இந்தக் கிருமியிடம் பலிக்காது.

கணையப் புற்றுக்கு "என்.கே. செல் பேக்கேஜ்" விளம்பரம் பார்த்தோம். கார்-டி மாதிரியா? (வேளச்சேரி)

இல்லை. கார்-டியில் நோயாளியின் டி செல்லை எடுத்து, பி செல் என்ற இன்னொரு வெள்ளணுவின் மேல் இருக்கும் சி.டி.19 புரதத்தை அடையாளம் காணும்படி மாற்றி, திரும்ப ஏற்றுகிறார்கள். ஐஐடி பம்பாயில் உருவான நெக்ஸ்கார்19 என்ற கார்-டி சிகிச்சைக்கு 2023-இல் அனுமதி கிடைத்தது, பி செல்லில் வரும் லுக்கேமியா, லிம்போமா என்ற ரத்தப் புற்றுகளுக்கு. கணையப் புற்று செல்லில் அந்த அடையாளமே இல்லை. விளம்பரம் கொடுத்தவர்களிடம் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான சி.டி.எஸ்.சி.ஓ.வின் அனுமதிக் கடிதம் கேளுங்கள். ஆராய்ச்சி என்றால் மருத்துவச் சோதனைகளைப் பதிவு செய்யும் சி.டி.ஆர்.ஐ.யின் பதிவு எண்ணைக் கேட்டு, அந்தத் தளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். இரண்டும் இல்லாமல் அட்வான்ஸ் கேட்டால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.