கேள்வி–பதில்: கேமராவைக் கட்டுப்படுத்தும் சட்டம்

கேள்வி: பனியன் கம்பெனி நடத்துகிறோம். துணியில் ஓட்டையையும் எண்ணெய்க் கறையையும் கண்டுபிடிக்கும் செயற்கை நுண்ணறிவு கேமரா செக்கிங் பிரிவில் இருக்கிறது. டெய்லர்களின் வேகத்தையும் முகக்குறிப்பையும் கணிக்கும் இன்னொரு கேமராவையும் வாங்கச் சொல்கிறார்கள். ஐரோப்பியச் சட்டத்துக்கு இவை பொருந்துமா என்று எங்கள் ஜெர்மன் பையர் கேட்கிறார். அந்தச் சட்டம் எங்களைக் கட்டுப்படுத்துமா?
— வாசகர், திருப்பூர்

பதில்: 2024 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், கருவி எந்த நுட்பத்தில் இயங்குகிறது என்பதைவிட எந்த வேலைக்குப் பயன்படுகிறது என்பதைக் கொண்டே விதிகளை வகுக்கிறது. ஓட்டை பார்க்கும் கேமராவை அது ஏறக்குறைய கண்டுகொள்வதே இல்லை. ஆள் எடுப்பதற்கோ, தொழிலாளியின் வேலையைக் கண்காணித்து மதிப்பிடுவதற்கோ பயன்படும் கருவி, தடையில்லாவிட்டாலும் கடும் நிபந்தனைகளுக்கு உட்படும் 'உயர் ஆபத்து' வகையில் சேர்கிறது. பணியிடத்தில் முகத்தைப் பார்த்து மனநிலையைக் கணிப்பதோ, மருத்துவ, பாதுகாப்புக் காரணங்களைத் தவிர, 2025 பிப்ரவரி 2 முதல் அங்கே தடை செய்யப்பட்டிருக்கிறது. மீறும் நிறுவனத்துக்கு 3.5 கோடி யூரோ, அல்லது உலகளாவிய ஆண்டு விற்றுமுதலில் 7 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அதுவரை அபராதம் விதிக்கலாம். சிறு நிறுவனமானால் எது குறைவோ அதுவரை.

பனியன் ஐரோப்பாவுக்குப் போகிறது என்பதற்காக மட்டும் இச்சட்டம் உங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் கேமரா தரும் கணிப்பை ஐரோப்பாவில் உள்ள ஓர் அலுவலகம் பயன்படுத்துமானால், கருவி திருப்பூரில் இருந்தாலும் சட்டத்தின் வரம்புக்குள் வர இடமுண்டு. அப்படி இல்லையென்றாலும், பையர் தம் ஒப்பந்தத்திலேயே இதை நிபந்தனையாக எழுதிவிடலாம். சாயக்கழிவிலும் வேலை நேரத்திலும் பையர் விதிக்கும் நிபந்தனைகள் உங்களுக்குப் புதியவை அல்லவே.

முகக்குறிப்பு கேமராவை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஓவர்லாக் மெஷினில் காலையிலிருந்து குனிந்திருக்கும் பெண் முகம் சுளிப்பது கழுத்து வலியாலா, நூல் அறுந்துகொண்டே இருப்பதாலா, வேலையில் சலிப்பாலா என்பதைச் சூப்பர்வைசர் பக்கத்தில் போய்க் கேட்டால்தான் தெரியும்.

கேள்வி: அமெரிக்காவும் சீனாவும் இப்படிச் சட்டம் போடவில்லையா?
— வாசகி, பல்லடம்

பதில்: அமெரிக்காவில் நாடு முழுவதற்கும் பொருந்தும் இத்தகைய பொதுச் சட்டம் எதுவும் இல்லை. அதிபர் பைடன் 2023 அக்டோபர் 30 அன்று செயற்கை நுண்ணறிவு பற்றிப் பிறப்பித்த ஆணையை, 2025 ஜனவரி 20 அன்று பதவியேற்ற நாளிலேயே டிரம்ப் ரத்து செய்தார். எனவே மாநிலங்களும் நகரங்களும் தனித்தனியே விதி வகுக்கின்றன. நியூயார்க் நகரில் ஆள் எடுக்கத் தானியங்கிக் கருவியைப் பயன்படுத்தும் நிறுவனம், அது பாரபட்சம் காட்டுகிறதா என்று வெளியாரைக் கொண்டு ஆண்டுதோறும் தணிக்கை செய்ய வேண்டும்.

சீனா ஒரே சட்டமாக எழுதாமல், யாருக்கு எதைக் காட்டுவது, எதைக் கொடுப்பது என்று செயலிகளில் முடிவு செய்யும் பரிந்துரை அல்காரிதம், போலி வீடியோ, உரையாடும் செயலி என்று ஒவ்வொன்றுக்கும் தனி விதி வைத்திருக்கிறது. அரசுக்கு ஒவ்வாத கருத்தை அடக்குவதும் அவற்றின் நோக்கம் என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் 2022 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த பரிந்துரை அல்காரிதம் விதிகளில், டெலிவரி வேலை போன்றவற்றை அல்காரிதம் மூலம் பங்கிடும் நிறுவனங்கள் தொழிலாளியின் கூலியையும் ஓய்வையும் காக்க வேண்டும் என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். அந்தப் பிரிவை நம் ஊர்க்காரர்கள் அவசியம் படிக்க வேண்டும்.

கேள்வி: இந்தியாவில் என்ன நிலை?
— வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: தனிச் சட்டம் இப்போதைக்குத் தேவையில்லை, இருக்கும் சட்டங்களே போதும் என்ற போக்கிலேயே 2025 நவம்பரில் மத்திய அரசு வழிகாட்டுதல்களை வெளியிட்டது. தொழிலாளியைப் பொறுத்தவரை இதை நான் ஏற்கவில்லை. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலைவாய்ப்பு தொடர்பான சில தேவைகளுக்குத் தொழிலாளியின் ஒப்புதல் இல்லாமலேயே அவருடைய தரவைப் பயன்படுத்த முதலாளிக்கு இடம் தருகிறது. கேமராவின் கணிப்பை வைத்துக் கூலி பிடித்தாலோ வேலையை விட்டு நிறுத்தினாலோ, அந்தக் கணிப்பு எப்படி வந்தது என்று கேட்கும் உரிமையை அச்சட்டம் தொழிலாளிக்குத் தெளிவாகத் தரவில்லை.