வழி தெரிந்த ஓட்டுநரும் வழி சொல்லும் கணினியும்

சரக்குப் போக்குவரத்துத் துறையின் ஆராய்ச்சியையும் நடைமுறையையும் பற்றி வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகளில் நான்கிற்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: கணினி இவ்வளவு வளர்ந்த பிறகும், ஒரு டெலிவரி வண்டி எந்த வரிசையில் வீடுகளுக்குப் போக வேண்டும் என்பது ஏன் இன்னும் ஆராய்ச்சிப் பொருளாகவே இருக்கிறது?

பதில்: எண்ணிக்கை ஒரு காரணம். பத்து வீடுகளை வரிசைப்படுத்த 36,28,800 வழிகள் உண்டு. இருபது வீடுகள் என்றால் அது 19 இலக்க எண்ணாகிவிடுகிறது. ஆனால் கணிதம் இதைக் கண்டு மலைத்து நின்றுவிடவில்லை. டான்ட்சிக், ஃபுல்கர்சன், ஜான்சன் ஆகிய மூன்று கணித வல்லுநர்களும் 1954-லேயே 49 நகரங்களைச் சுற்றிவரும் மிகக் குறுகிய பாதையைக் கண்டதோடு, அதைவிடக் குறுகியது இருக்க முடியாது என்றும் நிறுவினார்கள். பல லாரிகளுக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்கும் கணக்கை டான்ட்சிக்கும் ராம்சரும் 1959-இல் எழுதினார்கள்.

இன்றைய சிக்கல், கணினி தந்த குறுகிய பாதையை ஓட்டுநர் பல நேரங்களில் பின்பற்றுவதில்லை என்பதுதான். அவர் இடத்திலிருந்து பார்த்தால் காரணம் புரியும். வரைபடத்தில் எதிரெதிரே தெரியும் இரண்டு வாசல்களுக்கு நடுவே சாலையில் தடுப்புச்சுவர் ஓடுகிறது. மறுபக்கம் போக அடுத்த திருப்பம் வரை போய்த் திரும்ப வேண்டும். பார்சல்கள் பகுதிவாரியாகப் பைகளில் அடுக்கப்பட்டிருக்கும் வண்டியில், நூறு மீட்டர் மிச்சம் பிடிப்பதற்காக இரண்டு பைகளை மாறிமாறித் துழாவினால், சாலையில் மிச்சமான நேரம் வண்டிக்குள்ளேயே தீர்ந்துபோகிறது.

அமேசான் நிறுவனமும் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகமும் 2021-இல் நடத்திய போட்டியில், மிகக் குறுகிய பாதையைக் கேட்காமல், அனுபவமுள்ள ஓட்டுநர் தேர்ந்தெடுக்கக்கூடிய பாதையைக் கணித்துச் சொல்லுமாறு கேட்டார்கள். அதில் முதல் பரிசு பெற்ற குக், ஹெல்ட், ஹெல்ஸ்கான் ஆகியோர், ஓட்டுநர்கள் ஒரு பகுதியை முடித்துவிட்டே அடுத்த பகுதிக்குப் போகிறார்கள் என்பது போன்ற பழக்கங்களைப் பழைய பயணத் தரவுகளிலிருந்து பிரித்தெடுத்து, அவற்றைப் பாதை தேடும் நிரலுக்கு விதிகளாகக் கொடுத்தார்கள். இத்தனை ஆண்டுகளாகக் கணக்கு சரியாகத்தான் போடப்பட்டிருக்கிறது. கேள்விதான் அரைகுறையாகக் கேட்கப்பட்டது என்பது என் கருத்து.

கேள்வி: ட்ரோன்கள்தான் இத்துறையின் எதிர்காலமா?

பதில்: எடை குறைந்த, அவசரமான, சாலை எட்டாத இடத்துக்குரிய பொருள்களுக்கு ட்ரோன் பொருந்தும். மற்றபடி, நூறு பார்சல்களை ஒரே சுற்றில் இறக்கிவிட்டு வரும் வண்டியோடு ஒவ்வொன்றாகத் தூக்கிச் செல்லும் கருவி செலவில் போட்டியிட முடியாது. இத்துறையின் ஆகப்பெரிய புதுமை கன்டெய்னர் எனப்படும் வெறும் இரும்புப் பெட்டிதான் என்பதையும் நினைவில் கொள்வது நல்லது. அமெரிக்கப் போக்குவரத்துத் தொழிலதிபர் மால்கம் மெக்லீனின் ஐடியல் எக்ஸ் கப்பல் 1956 ஏப்ரலில் 58 கன்டெய்னர்களுடன் புறப்பட்டது. ஆனால் பெட்டியின் அளவுகள் குறித்த பன்னாட்டுத் தரநிலை உருவாக 1960-களின் பிற்பகுதி ஆயிற்று. பெட்டியைச் செய்வதைவிட அதன் அளவில் எல்லாரையும் ஒத்துக்கொள்ளச் செய்வது கடினமாக இருந்தது.

கேள்வி: ஒரு கால்வாய் அடைபட்டால் உலகமே தடுமாறுகிறதே, கையிருப்பைக் குறைத்துக்கொண்டதுதான் தவறா?

பதில்: ஓரளவுக்கு. 2021 மார்ச்சில் எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயை ஆறு நாள்கள் அடைத்தது. வறட்சியில், பனாமா கால்வாய்க்கு நீர் தரும் காட்டூன் ஏரியின் மட்டம் இறங்கியதால், அந்தக் கால்வாயில் வழக்கமாக நாளொன்றுக்கு 36 அளவில் இருந்த கப்பல்களின் எண்ணிக்கை 2024 தொடக்கத்தில் 24 ஆனது. செங்கடலில் கப்பல்கள் மீது நடந்த தாக்குதல்களுக்குப் பிறகு பல கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போயின. தேவைப்படும் நேரத்தில் மட்டும் சரக்கு வந்தால் போதும் என்ற ஏற்பாடு இவற்றைத் தாங்காது.

ஆனால் பயந்துகொண்டு ஆளாளுக்கு அதிகமாக ஆர்டர் போடுவது அதைவிட மோசம். உதாரணமாக, குழந்தைகள் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் டயப்பரை நனைக்கின்றன. கடைகளில் விற்பனையும் ஏறக்குறைய சீராகவே இருக்கிறது. ஆனாலும் மொத்த விற்பனையாளரின் ஆர்டர் ஏறி இறங்க, ஆலைக்கு வரும் ஆர்டர் அதைவிடத் தாறுமாறாக ஆடுகிறது. லீ, பத்மநாபன், வாங் ஆகிய ஆய்வாளர்கள் 1997-இல் விளக்கிய இந்தச் சாட்டை விளைவில், கைப்பிடியில் சிறிய அசைவு நுனியில் பெரிய வீச்சாகிறது. உண்மையான விற்பனைக் கணக்கைச் சங்கிலியில் உள்ள அனைவரும் பார்க்க முடிந்தால் இது குறையும். போட்டியாளர் கையில் தகவல் சிக்கிவிடுமோ என்ற அச்சம்தான் பெரும்பாலும் குறுக்கே நிற்கிறது.

கேள்வி: கப்பலை மெதுவாக ஓட்டினால் எரிபொருள் மிச்சமாகும் என்கிறார்கள். பிறகு ஏன் விரைகிறார்கள்?

பதில்: கப்பலுக்குத் தேவைப்படும் இயந்திர ஆற்றல் ஏறத்தாழ வேகத்தின் மும்மடியைப் (வேகம் × வேகம் × வேகம்) பொறுத்தது. வேகத்தை 10 சதவீதம் குறைத்தால் அது 27 சதவீதம் குறைகிறது; பயணம் நீள்வதைக் கணக்கில் எடுத்தாலும் எரிபொருளில் 19 சதவீதம் வரை மிச்சம். ஆனால் பல துறைமுகங்களில் முதலில் வந்த கப்பலுக்கே முதல் இடம். தாமதமின்றிப் போய்ச்சேர வேண்டும் என்று ஒப்பந்தமும் கட்டாயப்படுத்துகிறது. எனவே கேப்டன் விரைந்து போய், துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நாள்கணக்கில் காத்திருக்கிறார். இடம் காலியாகும் நேரத்துக்கேற்ப வேகத்தைக் குறைத்தாலும் அது ஒப்பந்த மீறல் ஆகாது என்ற விதியை, பிம்கோ என்னும் கப்பல் துறைச் சங்கம் 2021-இல் வகுத்துக் கொடுத்திருக்கிறது. புதிய இயந்திரம் எதுவும் இதற்குத் தேவையில்லை. துறைமுகம் காலியாகும் நேரத்தை முன்கூட்டியே சொல்ல வேண்டும், சரக்கு உரிமையாளர் சம்மதிக்க வேண்டும்.