அவன் கடலுக்குப் போன ராத்திரி தூக்கமே வரல, லவ்வுதான் காரணமா?

பாம்பன் பக்கத்துலேர்ந்து 20 வயசு தங்கச்சி ஒண்ணு கேட்டிருக்கு. ராமநாதபுரத்துல ஹாஸ்டல்ல தங்கி காலேஜ் படிக்குது, கூடப் படிக்கிற பையனோட ஒரு வருஷமா லவ்வு. மத்த நாள்ல நைட்டு ரெண்டு மணி வரை போன், சனிக்கிழமை அவன் அப்பாவோட விசைப்படகுல போயிட்டா சிக்னல் இருக்காது, விடிய விடிய லாஸ்ட் சீன் பாத்துக்கிட்டே கிடக்குமாம், ஞாயித்துக்கிழமை எதுக்குன்னே தெரியாம சண்டை. பிரேக்கப் பண்ணாதான் தூக்கம் வரும்னு ரூம்மேட் சொல்றாளாம்.

அதெல்லாம் வேணாம்மா. மனசுக்குப் பிடிச்ச ஆளு தூக்கத்துக்கு நல்லதும் பண்ணுவாங்க. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்துல 155 பேரை வெச்சு செஞ்ச ஆய்வு 2020ல வந்துச்சு, துணை போட்டுக் கழட்டுன டீசர்ட்ட தலையணையில மாட்டிப் படுத்தவங்களுக்கு தூக்கம் கொஞ்சம் நல்லாவே இருந்துருக்கு. அந்த வாசனையில பக்கத்துல இருக்காங்கங்கிற நிம்மதிதான் அதுன்னு நெனைக்கிறேன். உனக்கு அந்த நிம்மதிதான் சனிக்கிழமை அறுந்து போகுது, கடல்ல காத்து அடிக்குமோன்னு இருக்கு, இலங்கை நேவிக்காரன் புடிச்சிருவானோன்னு வேற இருக்கு, நம்ம கரையில இது சும்மா வர்ற பயம் இல்ல. பயத்துல உடம்பு காவலுக்கு நிக்கும், காவலுக்கு நிக்கிற உடம்பு எப்படித் தூங்கும்?

ஞாயிறு சண்டைக்கும் இதான் காரணம்னு நெனைக்கிறேன். கலிபோர்னியாவுல பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வு 2014ல வந்துச்சு, சரியா தூங்காத ராத்திரிக்கு மறுநாள் ஜோடிங்களுக்குள்ள சண்டை கூடுதுன்னு. நீ முழிச்சுக் கிடந்துருக்க, அவனும் வலை இழுத்துட்டு வந்துருக்கான், கரையேறுன உடனே பேச்செடுத்தா சண்டை வராம என்ன பண்ணும். "கரை வந்துட்டேன்"னு ஒரு மெசேஜ் போதும், மிச்சத்த ரெண்டு பேரும் தூங்கி எந்திரிச்சு சாயங்காலம் பேசுங்க.

போன்ல அவன் நம்பரும் வீட்டு நம்பரும் மட்டும் சத்தம் வர்ற மாதிரி வெச்சுட்டு கை எட்டாத எடத்துல வை, ஏதாச்சும்னா அடிக்கும்னு மனசுக்குத் தெரிஞ்சா கை போன தேடாது. இருவது நிமிஷம் தூக்கம் வரலன்னா கட்டில்லயே புரளாத, எந்திரிச்சு வராந்தாவுல உக்காந்துட்டு கண்ணு சொக்குனப்புறம் போய்ப் படு. எத்தன மணிக்குப் படுத்தாலும் காலையில ஒரே டைம்ல எந்திரி, ஞாயிறும் அப்படித்தான். மத்த நாள் போன் பேச்ச பதினோரு மணிக்கு முடி, உன் வயசுக்கு ஏழு மணி நேரமாச்சும் வேணும்.

வாரத்துல மூணு ராத்திரி, மூணு மாசமா இப்படியே போகுதுன்னா டாக்டரப் பாரு. ராத்திரியில பயம் தாங்க முடியலன்னா 14416, அரசாங்கத்தோட மனநல உதவி எண் டெலி மானஸ்க்கு அடி, காசு கெடையாது, தமிழ்லயே பேசுவாங்க.

இன்னொண்ணு, "தூங்கணும், வெக்கிறேன்"னு நீ சொன்னா அவன் கோவிச்சுக்கிறானா? ஆமான்னா அதையும் எழுது, அது தூக்கப் பிரச்சினை இல்ல, தனியா பேசணும்.