கதவ தட்டுனது யாரு? (கடிதமும் பதிலும்)

அண்ணா வணக்கம்,

'மேஜிக்'ங்குற சீட்டு வெளையாட்டுக்கு கார்டு பண்ற கம்பெனி ஒரு யூடியூபர் வீட்டுக்கு பிரைவேட் டிடெக்டிவ் அனுப்புனத பத்தி போன வாரம் எழுதியிருந்தீங்க. எனக்கு உடன்பாடு இல்லண்ணா. ஒரு கம்பெனி வருஷக்கணக்கா உக்காந்து ஒரு பொருள பண்ணுது, அது வெளிய வர்றதுக்கு முன்னாடியே ஒருத்தர் வீடியோ போட்டு வியூஸ அள்ளிட்டு போயிடுறாரு. அவங்க பொருள அவங்க திருப்பி கேக்கக்கூடாதா? ஃபேன்ஸ் கொதிச்சாங்கன்னு எழுதியிருக்கீங்க, அதே ஃபேன்ஸ்தான் அடுத்த மாசம் கடைல காசோட நிக்கிறாங்க. பார்டர்லேண்ட்ஸ் 3ங்குற வீடியோ கேமுக்கும் பாய்காட்டுன்னு கத்துனாங்க, என்ன ஆச்சு? படிச்சா நீங்க லீக் பண்றவங்க பக்கம் நிக்கிற மாதிரி இருக்கு. இன்னொண்ணு, என் சித்தப்பா பையன் டெக்ஸாஸ்ல இருக்கான், கார்டு வாங்கி விக்கிறது அவனுக்கு சைடு பிசினஸ். நீங்க எழுதுனத அவனுக்கு அனுப்புனேன், "என் வீட்டுக்கு வந்தா நான் என்னடா பண்றது"ன்னு கேக்குறான். அதுக்கும் சேத்து சொல்லுங்க.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

லீக் பண்றவங்க பக்கம் நான் இல்ல, அத மொதல்லயே சொல்லிடுறேன். ஒரு கார்டு செட்டுன்னா படம் வரையறவங்க, ரூல்ஸ் எழுதுறவங்க, கதை யோசிக்கிறவங்க, திரும்பத் திரும்ப வெளையாடி சரி பாக்குறவங்கன்னு எத்தனையோ பேரோட உழைப்பு, அது என்னைக்கு எப்படி வெளிய வரணும்னு முடிவு பண்ற உரிமை அவங்களுக்குத்தான், நடுவுல ஒருத்தர் போட்டு ஒடைச்சா அவங்களுக்கு வயிறு எரியத்தான் செய்யும். அதுல நமக்குள்ள சண்டையே கிடையாது. என் பிரச்சின அந்த வீட்டு வாசல்.

நடந்தத வரிசையா ஒரு தடவ பாத்துருவோம், ஏன்னா உங்க கடிதத்த படிச்சா அவரு ஏதோ குடோன்ல புகுந்து எடுத்துட்டு வந்த மாதிரி இருக்கு. 2023 ஏப்ரல் 21ம் தேதி 'மார்ச் ஆஃப் தி மெஷின்'னு ஒரு மேஜிக் செட்டு ரிலீஸ். மூணு வாரம் கழிச்சு மே 12ம் தேதி 'மார்ச் ஆஃப் தி மெஷின்: தி ஆஃப்டர்மேத்'னு 50 புது கார்டோட இன்னொரு குட்டி செட்டு. பேர பாருங்க, அட்டப்பெட்டி அடுக்குற எடத்துல ஒரு அசதியில யாரு வேணா மாத்தி எடுத்துருவாங்க. அமெரிக்கால சின்னதா ஒரு மேஜிக் சேனல் வச்சிருக்குற மனுஷன் காசு குடுத்து மொத செட்ட வாங்குறாரு, கைக்கு வந்தது ரெண்டாவது செட்டு. மாறி வந்திருக்கணும்னுதான் அவரே சொன்னாரு. வந்தத பிரிச்சு கேமரா முன்னாடி ஒவ்வொரு கார்டா காமிச்சாரு. இது இன்னும் வெளிய வராததுன்னு தெரிஞ்சும் காமிச்சது தப்புதான், நானா இருந்தா பண்ணியிருக்க மாட்டேன். ஏப்ரல் 22ம் தேதி சனிக்கிழம, மொத செட்டு கடைக்கு வந்த மறுநாளே, அவர் வீட்டுக் கதவ தட்டுறாங்க. மேஜிக் கார்டு பண்ற விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் கம்பெனி அமத்துன, பிங்கர்டன்ங்குற டிடெக்டிவ் ஏஜென்சி ஆட்கள்.

திருட்டுப் பொருளுன்னு பேசுனாங்க, ஷெரிஃப்ப, அதாவது அந்த ஊர் போலீஸ, கூப்புடுவோம்னு சொன்னாங்க, என் பொண்டாட்டி அழுதுட்டான்னு அவரு வீடியோல சொன்னாரு. கார்டு, பெட்டி எல்லாத்தையும் குடுத்துட்டாரு. அப்புறம் கம்பெனி ஆளோட ஃபோன்ல பேசியிருக்காரு, அந்த ஆளு மரியாதையா பேசி, மன்னிப்பு கேட்டு, எடுத்ததுக்கு பதிலா வேற குடுக்குறோம்னு சொல்லியிருக்காங்க. பிங்கர்டன்ன அனுப்புனது உண்மதான்னு கம்பெனியும் ஒத்துக்கிச்சு, முன்னாடியே பேச முயற்சி பண்ணோம், முடியல, அதான் நேர்ல போனோம்னு விளக்கம் குடுத்தாங்க.

அந்த ஃபோன் கால்தான் என் மனசுல நிக்குது ஆர். பத்து நிமிஷம் நல்லபடியா பேசுனா முடியிற விஷயம்னு அந்த காலே காமிச்சிருச்சு. முன்னாடி பேச முயற்சி பண்ணோம்னு அவங்க சொல்றத அப்படியே ஏத்துக்கிட்டாலும், அடுத்து என்ன இருக்கு? வக்கீல் நோட்டீஸ் இருக்கு, கோர்ட்டு இருக்கு. வீடியோவ எறக்கச் சொல்லி யூடியூப்ல ஒரு காப்பிரைட் க்ளெய்ம் போட்டுப் பாத்திருக்கலாம். இன்ன தேதிக்கு முன்னாடி விக்கக்கூடாதுங்குற ஒப்பந்தம் கம்பெனிக்கும் கடைக்காரருக்கும் நடுவுல போட்டது, காசு குடுத்து வாங்குனவரு அதுல கையெழுத்தே போடல. விசாரிக்க வேண்டியது எந்த கடையில தப்பு நடந்துச்சுன்னு. அத விட்டுட்டு கடைசில நின்ன ஆளு வீட்டுக்கு போனாங்க.

"அவங்க பொருள அவங்க கேக்கக்கூடாதா"ன்னு கேட்டீங்க. தாராளமா கேக்கலாம். ஆனா பிரைவேட் டிடெக்டிவுக்கு போலீஸ் அதிகாரம் எதுவும் கெடையாது. உள்ள வர முடியாது, எதையும் பிடுங்கிட்டு போக முடியாது, பதில் சொல்லியே ஆகணும்னு கட்டாயப்படுத்த முடியாது. சட்டப்படி நம்ம வீட்டு வாசல்ல அவங்களுக்கும் கூரியர் பையனுக்கும் ஒரே உரிமதான். அப்போ காசு குடுத்து அவங்கள எதுக்கு அனுப்பணும்? சனிக்கிழம கதவ தெறந்தா முன்னபின்ன தெரியாத ஆளுங்க நிக்கும்போது, உள்ள இருக்குறவனுக்கு அவங்க போலீஸா யாருன்னு யோசிக்கிறதுக்குள்ள கை நடுங்கிடும். அந்த நடுக்கத்துக்குத்தான் ஃபீஸு.

இத நான் புத்தகம் படிச்சு தெரிஞ்சுக்கல. நான் பத்தாவது படிக்கும்போது அப்பா ஒரு டிவிஎஸ் வண்டிக்கு ரெண்டு மாச டியூ கட்டல. ஒரு ஃபைனான்ஸ்லருந்து ரெண்டு பேர் வந்தாங்க, சத்தம் போடல, கெட்ட வார்த்த பேசல, அடுத்த வீட்டுக்காரங்க எட்டிப் பாக்குற வரைக்கும் வாசல்லயே நின்னாங்க, அவ்வளவுதான். பாக்கி என்னவோ நெசந்தான். அப்பா வண்டி சாவிய எடுத்துக் குடுத்துட்டு அன்னைக்கு முழுக்க யார்கிட்டயும் பேசல. ஒரு மனுஷன அவன் பொண்டாட்டி புள்ளைங்க கண்ணு முன்னாடி கூனிக்குறுக வைக்கிறது தனி தண்டனை, அத குடுக்குற அதிகாரத்த ஃபைனான்ஸுக்கோ கேம் கம்பெனிக்கோ யாரும் எழுதிக் குடுக்கல. அந்த அம்மா அழுதாங்கன்னு கேட்டப்போ எனக்கு இதெல்லாம்தான் ஞாபகம் வந்துச்சு.

ஃபேன்ஸ் ஏன் அவ்வளவு கொதிச்சாங்கன்னு புரியணும்னா பிங்கர்டன்ங்குற பேர் யாருன்னு தெரியணும். ஆலன் பிங்கர்டன் ஸ்காட்லாந்துல மரப்பீப்பா செஞ்சுட்டிருந்தவரு, அமெரிக்கா வந்து 1850 வாக்குல சிகாகோல ஒரு டிடெக்டிவ் ஏஜென்சி தொடங்குனாரு. கம்பெனி சின்னமே தெறந்த ஒரு கண்ணு, கீழ "நாங்க தூங்குறதே இல்ல"ன்னு ஒரு வாசகம். அவருக்கு அப்புறம் முதலாளிங்களுக்கு ஸ்ட்ரைக் ஒடைச்சுக் குடுக்குறது அந்த ஏஜென்சியோட பெரிய வேலையாவே ஆயிடுச்சு. 1892ல பென்சில்வேனியா ஹோம்ஸ்டெட்ல கார்னகிங்குற பெரிய முதலாளியோட இரும்பு ஆலை, கூலிக் கொறைப்புக்கு ஒத்துக்கலன்னு தொழிலாளிங்கள வெளிய வச்சு பூட்டிட்டாங்க. ஜூலை 6ம் தேதி விடியக்காலைல சுமார் 300 பிங்கர்டன் ஆட்கள படகுல ஏத்தி ஆத்து வழியா ஆலைக்கு கொண்டு வந்தாங்க. கரைல தொழிலாளிங்க, அவங்க குடும்பம், ஊரே நின்னுச்சு. துப்பாக்கிச் சண்ட. ரெண்டு பக்கமும் சேத்து கொறஞ்சது பத்து உயிர் போச்சு. மறு வருஷமே, 1893ல, பிங்கர்டன் ஆட்கள அமெரிக்க அரசாங்கம் வேலைக்கு வைக்கக்கூடாதுன்னு அந்த ஏஜென்சி பேரையே போட்டு சட்டம் கொண்டு வந்தாங்க, அது இன்னைக்கும் இருக்கு. இப்போ ஸ்வீடன்ல இருக்குற செக்யூரிட்டாஸ் கம்பெனிதான் அதுக்கு முதலாளி, செய்யிற வேலையும் மாறியிருக்கலாம், ஆனா அமெரிக்கால தாத்தா காலத்துலருந்து ஆலை வேல பாத்த குடும்பங்களுக்கு அந்த பேர கேட்டாலே வேற மாதிரி இருக்கும்.

இந்த தலமுறைல நெறைய பேருக்கு அந்த பேர் கேம் வழியாவும் தெரியும். 2018ல வந்த ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, கதை 1899ல நடக்குது, அதுல ஹீரோ கூட்டத்த தொரத்துற வில்லனுங்களே பிங்கர்டன் ஏஜென்ட்டுங்கதான். எங்க பேர வச்சுட்டாங்கன்னு பிங்கர்டன் கம்பெனி நோட்டீஸ் அனுப்புச்சு. கேம வெளியிட்ட டேக்-டூ பணியல, 2019 ஜனவரில அவங்களே கோர்ட்டுக்கு போயி, நடந்த சரித்திரத்த காட்டுறதுக்கு எங்களுக்கு உரிம இருக்குன்னு வாதாடுனாங்க. ஏப்ரல்ல பிங்கர்டன் பின்வாங்கிடுச்சு. சரியான நியாயம், டேக்-டூவ நான் மனசார பாராட்டுனேன். அதே வருஷம் ஜூலை 25ம் தேதி, நீங்க சொல்ற பார்டர்லேண்ட்ஸ் 3 விஷயத்துல, சப்மேட்டோங்குற யூடியூபர் வீட்டுக்கு பிரைவேட் இன்வெஸ்டிகேட்டர்ங்கள அனுப்புனது அதே டேக்-டூ. பத்து மாசம் விசாரிச்சுதான் இந்த முடிவுக்கு வந்தோம், ரகசியத்த லீக் பண்ணாரு, காப்பிரைட்ட மீறுனாரு, அதுல காசு பாத்தாருன்னு அறிக்கை விட்டாங்க. அதுல பாதி உண்மையாவே இருக்கட்டும். நூறு வருஷத்துக்கு முன்னாடி அடியாள் அனுப்புன முதலாளிய தப்பா காட்டத் தெரிஞ்சவங்களுக்கு, ஆறே மாசத்துல தன் சொந்த ரசிகன் வீட்டுக்கு ஆள் அனுப்பும்போது அது ஞாபகம் வரலையேங்குற வருத்தம் எனக்கு இன்னும் போகல.

உங்க பெரிய கேள்வி, பாய்காட் என்ன ஆச்சு. பார்டர்லேண்ட்ஸ் 3 செப்டம்பர் 13ம் தேதி வந்துச்சு, அஞ்சே நாள்ல 50 லட்சம் காப்பிக்கு மேல போச்சுன்னு டேக்-டூ அறிவிச்சுது. ஃபேன்ஸ் தோத்துட்டாங்க, ஒத்துக்கிறேன். ஆனா அதனால கோவம் பொய்யின்னு ஆயிடாது. அந்த கேம பண்ணது கியர்பாக்ஸ்ங்குற ஸ்டூடியோல ஒக்காந்து ராப்பகலா வேல பாத்த பசங்க, ஆள் அனுப்புனது அவங்க இல்ல. ரசிகன் காத்திருந்தது அந்த பசங்களோட வேலைக்கு. கோவிலுக்கு போறவன் சாமிய கும்பிடத்தான் போறான், அங்க இருக்குற தர்மகர்த்தா தப்பு பண்ணா திட்டுவான், மறுநாளும் கோவிலுக்கு போவான். ரெண்டும் அவனுக்கு உண்மதான்.

ஃபேன்ஸ் சத்தத்தால ஒண்ணும் நடக்காதுங்குறதும் சரியில்ல. இதே விசர்ட்ஸ் கம்பெனிதான் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுங்குற, கூடி உக்காந்து கதை சொல்லி வெளையாடுற கேமையும் நடத்துது. 2023 ஜனவரில, அதாவது பிங்கர்டன் விவகாரத்துக்கு மூணு மாசம் முன்னாடி, மத்தவங்க அந்த கேம வச்சு சொந்தமா புத்தகம் போடுறதுக்கு இருந்த பழைய லைசென்ஸ இறுக்கி மாத்தப் போறாங்கன்னு ஒரு டிராஃப்ட் வெளிய கசிஞ்சுது. ஜனங்க அந்த கேமோட ஆன்லைன் சேவையான டி அண்ட் டி பியாண்ட் சந்தாவ வரிசையா கேன்சல் பண்ணாங்க. ஜனவரி 27ம் தேதி கம்பெனி எறங்கி வந்து, மாத்தலன்னு சொன்னது மட்டுமில்லாம, அடிப்பட ரூல்ஸயே கிரியேட்டிவ் காமன்ஸ்ங்குற பொது லைசென்ஸ்ல போட்டு எல்லாருக்கும் தெறந்து விட்டுச்சு. அங்க ரசிகங்க கைல கேன்சல் பட்டன் இருந்துச்சு, அன்னைக்கே கம்பெனிக்கு வலிச்சுது. கதவ தட்டுன விஷயத்துல அப்படி அமுக்குறதுக்கு ஒரு பட்டன் இல்ல, வீடியோ போட்டாங்க, திட்டுனாங்க, ஹோம்ஸ்டெட் கதைய தெரியாதவங்களுக்கு எடுத்துச் சொன்னாங்க. என்ன பொறுத்தவரைக்கும் அந்த கடைசி வேல சின்ன வேல இல்ல.

நின்டென்டோங்குற ஜப்பான் கேம் கம்பெனியையும் சொல்லாம விட முடியல. 2020 டிசம்பர்ல கசிஞ்ச அவங்க உள் ஆவணங்கள்ல, பெல்ஜியத்துல 3டிஎஸ்ங்குற அவங்க கையடக்க கேம் மெஷின ஹேக் பண்ணிட்டிருந்த ஒரு பையன 2013 வாக்குல ஆள் வச்சு பின்தொடர்ந்தது இருந்துச்சு. எங்க வேல பாக்குறான், எப்போ வீட்ட விட்டு கெளம்புறான், எங்க சாப்புடப் போறான், எல்லாம் குறிச்சு வச்சிருக்காங்க. எங்க வச்சு அவன்கிட்ட போயி பேசணும், எப்படி பேசணும்னு திட்டம் கூட இருக்கு. அவன் பேர நான் இங்க எழுதப் போறதில்ல, ஏற்கனவே அவன் வாழ்க்கைய போதுமான அளவுக்கு கடை விரிச்சுட்டாங்க. ஆனா 2016 டிசம்பர்ல அதே நின்டென்டோ, 3டிஎஸ்ல ஓட்டைய கண்டுபுடிச்சு எங்களுக்கே சொல்லுங்க, 100லருந்து 20,000 டாலர் வரைக்கும் தர்றோம்னு வெளிப்படையா அறிவிச்சாங்க. இந்த வழி மொதல்லயே இருந்துச்சு.

சரி, டெக்ஸாஸ் தம்பிக்கு. வந்தவங்க போலீஸா பிரைவேட்டான்னு மொதல்ல கேக்கச் சொல்லுங்க, கதவ முழுசா தெறக்காமலே கேக்கலாம். பிரைவேட்னா ஐடிய காமிக்கச் சொல்லணும், அங்க டிடெக்டிவுக்கெல்லாம் லைசென்ஸ் குடுக்குறது மாநிலத்தோட பப்ளிக் சேஃப்டி டிபார்ட்மென்ட், அந்த நம்பர எழுதி வச்சுக்கணும். வாரன்ட் அவங்ககிட்ட இருக்கவே இருக்காது. உள்ள விட வேண்டியதில்ல, பேச வேண்டியதுகூட இல்ல, "எழுத்துல அனுப்புங்க, வக்கீல்கிட்ட காமிச்சுட்டு பதில் சொல்றேன்"னு ஒரே வரில முடிச்சுக்கலாம். எதுலயும் கையெழுத்து போட வேண்டாம், குடுக்குறதா முடிவு பண்ணா என்னென்ன குடுத்தோம்னு ஃபோட்டோ எடுத்து ரசீது வாங்கிக்கணும். போலீஸே வந்தா அது வேற கதை, அப்போ வக்கீல் நம்பர் கைல இருக்கணும். இதெல்லாத்துக்கும் முன்னாடி, பில்ல பத்திரமா வச்சுக்கச் சொல்லுங்க, தேதி வராத பெட்டி மாறி வந்துச்சுன்னா பிரிக்காம, வித்த கடைக்கு அன்னைக்கே ஒரு மெயில் போட்டு வைக்கட்டும்.

அன்புடன்.